குதிரைப் பந்தய இயந்திரப் பெட்டியில் உள்வட்டக் குதிரையே அடிக்கடி வெல்வது ஏன்?

கேள்வி: வடகரையான்

அனைவருக்கும் வணக்கம். நான் பாரிசுக்கு வடக்கே வசிக்கிறேன். அமியென் நகரில் ஆண்டுக்கு இருமுறை கூடும் பழம்பொருள் சந்தையில் (அப்பகுதி மக்கள் அதை ‘ரேதெரி’ என்றே சொல்கிறார்கள்) சென்ற முறை ஒரு மகோகனிப் பெட்டியை வாங்கினேன். மூடியைத் திறந்தால் பச்சைக் கம்பளித்துணி ஒட்டிய தளத்தின் நடுவே ஒரு பித்தளைக் குமிழும், அதிலிருந்து வெவ்வேறு நீளத்தில் நீளும் ஆறு மெல்லிய கம்பிகளும், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் வண்ணம் பூசிய ஓர் ஈயக் குதிரையும் அதன் மேல் ஒரு சவாரிக்காரனும் இருக்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள இழுவைப்பிடியை இழுத்து விட்டால் ஆறு குதிரைகளும் ஒன்றாகப் புறப்பட்டு, தத்தம் வேகத்தில் பல சுற்றுகள் சுற்றி, வெவ்வேறு இடங்களில் நின்றுவிடுகின்றன. தளத்தின் ஓரத்தில் ஒரு பித்தளை வெற்றிக் கம்பம் நடப்பட்டிருக்கிறது. விதிகள் அச்சிட்ட தாள் பெட்டியோடு வரவில்லை. எனவே கம்பத்தைத் தாண்டாமல், அதற்கு மிக அருகே வந்து நிற்கும் குதிரையே வென்றது என்று நாங்களாகவே ஒரு விதியை வைத்துக்கொண்டோம்.

என் ஐயம் இதுதான். வீட்டில் பிள்ளைகளுடன் விளையாடத் தொடங்கிய சில நாட்களிலேயே, மிக உள்ளே ஓடும் முதல் குதிரையை எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு குறிப்பேட்டை எடுத்து 120 பந்தயங்களை ஓட்டி எண்ணிப் பார்த்தேன். உள்ளிருந்து வெளியே வரிசையாக, குதிரைகள் வென்ற தடவைகள் 30, 25, 17, 19, 17, 12. ஆறு குதிரைகளுக்கும் சம வாய்ப்பு என்றால் ஒவ்வொன்றும் 20 தடவை வென்றிருக்க வேண்டும் அல்லவா? இயந்திரம் தேய்ந்துவிட்டதா, அல்லது சூதாட்டத்தில் ஏமாற்றுவதற்காக யாரோ ஒரு காலத்தில் இதைக் கோணலாக்கி வைத்தார்களா? நடுக்குமிழைக் கழற்றி எண்ணெய் விடலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். மூடியின் உட்புறம் ‘ழெ த கூர்ஸ்’ என்ற பெயரும், ‘எம். ஜே.’ என்ற எழுத்துகளும், ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லும் உள்ளன. இதன் காலத்தையும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 1: பழம்பெட்டி

நீங்கள் வாங்கியிருப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சில் பரவலாகச் செய்யப்பட்ட வீட்டு விளையாட்டுப் பெட்டி. ‘ழெ த கூர்ஸ்’ என்றால் பந்தய விளையாட்டு என்பதே பொருள். ‘எம். ஜே.’ முத்திரை அவ்வகைப் பெட்டிகளில் அடிக்கடி காணப்படுவதுதான். ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற சொல்லை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. சில பெட்டிகளில் காப்புரிமையைக் குறிக்கும் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற நான்கெழுத்து இருக்கும், அதுவும் பெரிதாக உதவாது. ‘அரசின் உத்தரவாதம் இன்றி’ என்று பொருள்படும் அந்தச் சுருக்கம் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 1968 வரை வழக்கில் இருந்தது. நூற்றிருபது ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் எங்கே என்று தேடுவது? குதிரைகளின் வார்ப்பு, வண்ணப்பூச்சு, பெட்டியின் மூலை இணைப்புகள், திருகாணிகளின் தலை ஆகியவற்றைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்த வீட்டுப் பெட்டிக்கு ஓர் அண்ணன் உண்டு. பிரான்சில் பொதுச் சூதாட்ட மனைகள் 1837ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டன. ஆனாலும் கடற்கரை ஊர்களிலும் நீரூற்றுச் சிகிச்சை ஊர்களிலும் இருந்த காசினோக்களில், சிறு தொகை வைத்து ஆடும் சில ஆட்டங்களை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டுவைத்தார்கள். அவற்றுள் பெயர் பெற்றது ‘பெத்தி ஷெவோ’, அதாவது சின்னக் குதிரைகள். பெரிய மேசையில் எட்டோ ஒன்பதோ வட்டப் பிளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வெட்டப்பட்டிருக்கும், ஒவ்வொரு பிளவிலும் எண்ணிட்ட ஒரு குதிரை சுற்றும், கம்பத்துக்கு அருகே நிற்கும் குதிரைக்குப் பணம் கட்டியவர் வெல்வார். தியெப், புலோன் போன்ற ஊர்களுக்குக் கோடையில் கடல் கடந்து வந்த ஆங்கிலேயர் இந்த மேசையைச் சுற்றித்தான் மொய்த்தார்கள். 1907ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதிச் சட்டம் காசினோ ஆட்டங்களை முறைப்படுத்திய காலத்தை ஒட்டி, சின்னக் குதிரைகளின் இடத்தை ‘பூல்’ என்ற பந்தாட்டம் பிடித்துக்கொண்டது. 1 முதல் 9 வரை எண்ணுள்ள குழிகளில் ஒரு ரப்பர் பந்து விழும், சரியான எண்ணுக்கு, கட்டிய பணம் திரும்பக் கிடைப்பதோடு அதன் 7 மடங்கும் கிடைக்கும். ஒன்பதில் ஒரு பங்கைக் காசினோ எடுத்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள், ஏறத்தாழ 11 விழுக்காடு. பெரிய குதிரைப் பந்தயத்தில் அப்போது என்ன நடந்தது என்றால், பந்தயம் கட்டியோரின் மொத்தத் தொகையை வென்றவர்களுக்கே பிரித்துத் தரும் ‘பரி மியூத்துயேல்’ முறையை ழோசெஃப் ஒல்லேர் 1860களில் கொண்டுவந்தார். 1891ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. (அதே ஒல்லேர்தான் 1889இல் மூலான் ரூழ் அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.) குதிரை மீது காசு வைப்பது வீதியெல்லாம் பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், வரவேற்பறை மேசைக்கு ஒரு பந்தயப் பெட்டி வந்ததில் வியப்பில்லை.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்று பிரான்சில் ‘பெத்தி ஷெவோ’ என்று கேட்டால் கடைக்காரர் லூடோ அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார். காய்கள் குதிரைத்தலை வடிவில் இருப்பதால் வந்த பெயர் அது. நம் ஊர்த் தாயத்துக்கு உறவான பச்சிசியின் வழிவந்த ஆட்டம் அது. அதற்கும் உங்கள் பெட்டிக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

மறுமொழி 2: ஆணிவேர்

கடிகாரம் பழுதுபார்ப்பது என் தொழில். இவ்வகைப் பெட்டிகள் சில என் கைக்கு வந்திருக்கின்றன. முதலில் ஒரு வேண்டுகோள்: எண்ணெய்ப் புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நடுக்குமிழுக்கு அடியில் இருப்பதைச் சொல்கிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் ஆறு சிறு குடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒற்றை ஆரக்கால் போல ஒரு கம்பி புறப்படும், இரண்டு குடங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய வாஷர் இருக்கும். நீங்கள் பிடியை இழுத்து விடும்போது அடியிலுள்ள ஸ்பிரிங் அச்சைச் சட்டெனச் சுழற்றுகிறது. குடங்கள் அச்சோடு இறுகப் பிணைக்கப்படவில்லை, உராய்வினால் மட்டுமே வேகம் பெறுகின்றன. அச்சு நின்ற பிறகும் அவை தம் போக்கில் சுற்றிக்கொண்டே இருந்து, அதே உராய்வினால் நிற்கின்றன. அதாவது குதிரையை ஓட வைப்பதும் உராய்வுதான், நிறுத்துவதும் உராய்வுதான். எண்ணெய் விட்டால் அச்சு வழுக்கிக்கொண்டு தனியே சுற்றும், குதிரைகள் அரைச்சுற்றில் நின்றுவிடும். சில மாதங்களில் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். அப்படிப் பிசினேறிய பெட்டி ஒன்றில் இரண்டு குதிரைகள் இணைபிரியாமல் ஒன்றாகவே ஓடி ஒன்றாகவே நின்றன. உரிமையாளர் அதை ஒரு சிறப்பு அம்சம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். குதிரை மெதுவாக ஓடுவதால் தோற்காது, வேகமாக ஓடுவதால் வெல்லவும் செய்யாது. ஐந்தாறு சுற்றுகளுக்கு மேல் சுற்றிவிட்டால் எங்கே நிற்கும் என்பது தற்செயல்தான். பெட்டியைக் கோணலாக்கக் கூடியது சாய்வு ஒன்றே. கம்பியின் ஒரு நுனியில் மட்டும் ஈயக் குதிரை இருப்பதால், மேசை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் குதிரைகள் பள்ளமான பக்கத்தையே நாடி நிற்கும். ஆகவே பெட்டியின் மேல் ஒரு ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். பிறகு, வென்ற குதிரையை விட்டுவிட்டு, தோற்ற குதிரைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். சாய்வு இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் கூடி நிற்கும்.

இன்னும் இரண்டு. குதிரைகளைத் தொட்ட கையோடு பிள்ளைகள் எதையும் தின்ன வேண்டாம். அவை ஈயம், மேலே உள்ள பழைய வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். தேய்க்கவோ உரசவோ கூடாது. ஓக் மர அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடியைப் பூக்கச் செய்யும், அது தொடங்கிவிட்டால் குதிரையின் கால்கள்தாம் முதலில் போகும். பெட்டியின் மேற்பூச்சு அரக்கு மெருகாக இருந்தால் சாராயம் கலந்த எந்தத் திரவமும் அதைக் கரைத்துவிடும். இணைப்புகள் வஜ்ஜிரத்தால் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) ஒட்டியவையாக இருந்தால் ஈரத்துணியும் ஆகாது.

மறுமொழி 3: தெருவிளக்கு

காசினோ மேசைகளில் தில்லுமுல்லு நடந்திருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் பிள்ளைகளும் பாட்டிமாரும் ஆடிய பெட்டியில் யார் போய் ஈயம் வைத்துக் கோணலாக்கப் போகிறார்கள்? தவிரவும், 120 பந்தயங்களில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இயல்பாகவே வரக்கூடியது என்பது என் எண்ணம். கை-வர்க்கச் சோதனை (எண்ணிக்கைகள் எதிர்பார்ப்பிலிருந்து விலகுவது தற்செயல்தானா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 208, அதை 20ஆல் வகுத்தால் 10.4. ஆறு குதிரைகளுக்கு இது 11.07ஐத் தாண்டினால்தான் ஐந்து விழுக்காட்டு அளவில் (அதாவது, தற்செயலாக அப்படி நேர நூற்றில் ஐந்துக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு என்று) சந்தேகப்பட வேண்டும். தாண்டவில்லை. நிம்மதியாக விளையாடுங்கள்.

கேள்வி கேட்டவர்: வடகரையான்

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய்ப் புட்டி பரணுக்குப் போய்விட்டது. ஆணிவேர் ஐயா சொன்னபடி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், இரண்டு திசையிலும் குமிழி நடுவிலேயே நிற்கிறது. தோற்ற குதிரைகளும் ஒரு பக்கம் கூடவில்லை, வட்டம் முழுவதும் பரவித்தான் நிற்கின்றன. ஆகவே சாய்வு இல்லை. தெருவிளக்கு அவர்களின் கணக்கும் புரிகிறது. ஆனாலும் உள்ளிருந்து வெளியே போகப் போக வெற்றி குறைந்துகொண்டே வருவது என் மனத்தில் முள்ளாகக் குத்துகிறது.

மறுமொழி 4: முக்கோணம்

அந்த முள் சரியான இடத்தில்தான் குத்துகிறது. தெருவிளக்கு போட்ட கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்தச் சோதனைக்கு வரிசை என்ற ஒன்று தெரியாது. 30, 25, 17, 19, 17, 12 என்பதைக் கலைத்துப் போட்டு 17, 12, 30, 19, 25, 17 என்று கொடுத்தாலும் அது அதே 10.4ஐத்தான் சொல்லும். உங்கள் எண்களில் உள்ள செய்தியே வரிசையில்தான் இருக்கிறது.

வடகரையான் அவர்களே, ஒரு கேள்வி. எந்தக் குதிரை கம்பத்துக்கு அருகே நிற்கிறது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? கண்ணால் பார்த்து அல்லது அளவுகோலை வைத்து, குதிரையின் மூக்கிலிருந்து வெற்றிக் கோடு வரை எத்தனை செ.மீ. என்று அளக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். அப்படியானால் கோளாறு இயந்திரத்தில் இல்லை, நடுவரிடம் இருக்கிறது.

நடுக்குமிழிலிருந்து முதல் குதிரை 10 செ.மீ. தொலைவிலும் ஆறாம் குதிரை 20 செ.மீ. தொலைவிலும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் கம்பத்துக்குப் பத்துப் பாகை முன்னால் நிற்கின்றன. கோணத்தைப் பார்த்தால் சமநிலை. ஆனால் தடத்தின் வழியே அளந்தால் முதல் குதிரைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.7 செ.மீ., ஆறாம் குதிரைக்கோ 3.5 செ.மீ. உள்வட்டம் சிறியதாகையால், அங்கே நிற்கும் குதிரை எங்கே நின்றாலும் கம்பத்துக்கு அருகே நிற்பதாகவே தெரியும். இந்த இரண்டு குதிரைகளை மட்டும் ஓடவிட்டுச் செ.மீ. கணக்கில் தீர்ப்புச் சொன்னால், நான்கில் மூன்று பந்தயங்களை உள்குதிரையே வெல்லும். நிற்கும் கோணம் முற்றிலும் தற்செயலாக இருந்தாலும், அச்சு நேற்றுச் செய்தது போல் புதிதாக இருந்தாலும், இதில் மாற்றம் இல்லை.

ஆறு குதிரைகளுக்கும், 10, 12, 14, 16, 18, 20 செ.மீ. என்று தடங்களை எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். 120 பந்தயங்களில் எதிர்பார்க்க வேண்டியவை வரிசையாக 31, 24, 20, 17, 15, 13. உங்கள் குறிப்பேட்டில் இருப்பவை 30, 25, 17, 19, 17, 12. அதே கை-வர்க்கச் சோதனையை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் போட்டால் 1.1தான் வருகிறது. உங்கள் பெட்டியின் தடங்கள் வேறு அளவில் இருந்தால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

திருத்தம் எளிது. நடுக்குமிழில் ஒரு நூலைக் கட்டி அதன் மறுநுனியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நூலைக் கம்பத்தின் மேல் வைத்து, பிறகு குதிரைகள் வந்த வழியே மெல்லப் பின்னோக்கி நகர்த்துங்கள். நூல் முதலில் எந்தக் குதிரையின் மூக்கைத் தொடுகிறதோ அதுவே வென்றது.

மறுமொழி 5: தெருவிளக்கு

ஒப்புக்கொள்கிறேன். ‘நிம்மதியாக விளையாடுங்கள்’ என்று நான் எழுதியதை, ‘முதல் குதிரையை எடுத்துக்கொண்டு நிம்மதியாக விளையாடுங்கள்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி கேட்டவர்: வடகரையான்

முக்கோணம் ஐயா, அளவுகோலைத்தான் வைத்திருந்தேன். சந்தேகம் எழும் இடங்களில் மில்லிமீட்டர் வரை பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தடங்களை அளந்தேன்: முதல் குதிரை 10 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, ஆறாவது சரியாக 20.

இரண்டு மாலைகள் செலவிட்டு, கறுப்புத் தையல்நூலைக் கட்டி மறுபடியும் 120 பந்தயங்கள் ஓட்டினேன். முதலில் நூல் சவாரிக்காரர்களின் தொப்பியில் மாட்டிக்கொண்டு ஒரு குதிரையை நகர்த்திவிட்டது. அதன் பிறகு நூலைத் தொப்பிகளுக்கு மேலே பிடித்து, நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இம்முறை உள்ளிருந்து வெளியே 18, 22, 20, 24, 17, 19. முன்பு 12 தடவை மட்டுமே வென்ற ஆறாம் குதிரை 19க்கு வந்துவிட்டது. நடுக்குமிழின் திருகாணியை நான் தொடவே இல்லை.

ஒன்று மட்டும் மீதம். கம்பளித்துணியில், கம்பத்துக்கு அருகே, பூச்சி அரித்த இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. துணியை மாற்றிவிடலாமா?

மறுமொழி 6: முக்கோணம்

புதிய எண்களுக்குச் சோதனை 1.7. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மறுமொழி 7: ஆணிவேர்

நான் சாய்வைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அளவுகோல் என் கண்ணில் படவில்லை. இனி இந்தப் பெட்டிகள் வந்தால் உரிமையாளரிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

துணியை மாற்ற வேண்டாம். பழைய துணியோடு இருக்கும் பெட்டியையே சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். மாற்ற வேண்டுமானால் குடங்களையும் கம்பத்தையும் கழற்றியாக வேண்டும், அந்தத் திருகாணிகள் மரத்தில் ஒருமுறை தளர்ந்தால் மறுபடி முன்போல் பிடிக்காது. பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, துளைகளின் ஓரத்தில் மணல் போன்ற புழுக்கையோ வெள்ளை நூற்கூடோ தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுங்கள். தெரிந்தால், தளத்தின் மேல் ஒரு கொசுவலைத் துண்டை விரித்து, அதன் மேல் தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து, விளிம்பில் துணி மரத்தோடு சேரும் இடத்தைக் குறிப்பாகச் சுத்தம் செய்யுங்கள். பூச்சிக்கொல்லி எதையும் தெளிக்க வேண்டாம். பிறகு மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து வெளிச்சம் படும்படி வையுங்கள். இருட்டில் அசையாமல் கிடக்கும் கம்பளியில்தான் அந்தப் பூச்சி முட்டையிடும்.